நீங்கள் ஆக்கிய கணினி விளையாட்டைப் பொது இணைய நூலகத்தில் சேர்த்தல்
(சேமித்தல், பதிவேற்றல், பகிர்தல் ஆகியவற்றின் வேறுபாடு)



தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் இணையம், கோப்புகள், கணினியும் சமூகமும் ஆகிய அலகுகளைத் தனித்தனியே கற்கின்றீர்கள். இம்மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும் ஒரு விடயத்தை இப்பாடத்தில் பார்ப்போம். நீங்கள் சொந்தமாக ஆக்கிய ஒரு விளையாட்டை உலகம் முழுவதும் காணும்படி இணையத்தில் வைப்பது எவ்வாறு? அவ்வாறு வைக்கும்போது ஏற்படும் குழப்பங்கள் எவை?

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• சேமித்தல், பதிவேற்றல், பகிர்தல் ஆகியவற்றை வேறுபடுத்துவீர்கள்.
• கோப்பு வகைக்கும் மென்பொருள் பதிப்புக்கும் உள்ள தொடர்பை விளக்குவீர்கள்.
• பதிப்புரிமை, உரிமம் ஆகியவற்றை உதாரணத்துடன் எழுதுவீர்கள்.

1. ஒரு நிகழ்வு

எத்தாளையில் என்னிடம் கற்கும் மாணவி ஒருத்தி ‘ஸ்கிராட்ச்’ மென்பொருளில் ஒரு விளையாட்டை ஆக்கினாள். நமக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு அல்லவா? அந்தக் களப்புதான் அவளது விளையாட்டின் களம். தோணியை அம்புக்குறிச் சாவிகளால் நகர்த்தி இறால் பிடிக்க வேண்டும். ஓர் இறாலுக்கு 5 புள்ளிகள். தோணி கடற்பசுவின் மீது மோதினால் 20 புள்ளிகள் குறையும். மூன்று வாரங்கள் உழைத்து இதனை முடித்தாள்.

பின்னர் இணையத்தில் தனது கணக்கில் அதனைச் சேமித்தாள். முகவரியைக் கட்டாரில் வேலை செய்யும் வாப்பாவுக்கு அனுப்பினாள். அவரால் அதனைப் பார்க்க முடியவில்லை. தனது விளையாட்டு அழிந்துவிட்டது என்று எண்ணி அவள் அழுதுகொண்டே வகுப்புக்கு வந்தாள்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. அவளது கோப்பைப் பென் டிரைவில் வாங்கிச் சென்ற வகுப்புத் தோழன் ஒருவன் அதனைத் தன் கணக்கில் ஏற்றி, எல்லோரும் பார்க்கும்படி செய்திருந்தான். “மிஸ், அவளுக்கு ஏற்றத் தெரியவில்லை என்று நான் உதவி செய்தேன்” என்றான். ஆனால் பார்ப்பவர்களுக்குத் தெரிந்தது அவனது பெயரே. அவளது பெயர் எங்கும் இல்லை.

அவனிடம் கள்ள எண்ணம் இருக்கவில்லை. ஆயினும் மூன்று வார உழைப்பு வேறொருவர் பெயரில் நின்றது. இரண்டு சிக்கல்களுக்கும் காரணம் ஒன்றே. சேமித்தல், பதிவேற்றல், பகிர்தல் என்ற மூன்றையும் இருவரும் ஒன்றெனக் கருதினர்.

2. மூன்று எண்ணக்கருக்கள்

சேமித்தல்: ஆக்கத்தைப் பின்னர் பயன்படுத்துவதற்காக ஒரு சேமிப்பிடத்தில் பதிந்து வைத்தல். அது உங்கள் கணினியின் வன்தட்டாகவோ, பென் டிரைவாகவோ, இணையத்தில் உள்ள உங்கள் கணக்காகவோ இருக்கலாம்.

பதிவேற்றல்: உங்கள் கணினியில் உள்ள கோப்பை இணையத்தினூடாகத் தொலைவில் உள்ள சேவையகத்துக்கு அனுப்புதல். இதன் எதிர்ச்செயல் பதிவிறக்கல் ஆகும்.

பகிர்தல்: சேவையகத்தில் உள்ள உங்கள் ஆக்கத்தைப் பிறர் பார்க்க அனுமதித்தல். அனுமதி வழங்காதவரை அது அங்கே இருந்தாலும் பிறர் கண்ணுக்குத் தெரியாது.

ஓர் உவமை கூறலாம். வெங்காயத்தை வீட்டு மூலையில் அடுக்கி வைப்பது சேமித்தல். லொறியில் ஏற்றிச் சந்தைக் கடைக்கு அனுப்புவது பதிவேற்றல். கடைக் கதவைத் திறந்து எல்லோரும் பார்க்கும்படி வைப்பது பகிர்தல். அம்மாணவியின் வெங்காயம் கடைக்குள் பத்திரமாகவே இருந்தது. கதவுதான் திறக்கப்படவில்லை.

3. ஸ்கிராட்ச்: ஒரு பொது நூலகம்

ஸ்கிராட்ச் அமெரிக்காவின் மசாச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில், மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழுவினரால் உருவாக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. கட்டளைகளைத் தட்டச்சுச் செய்யாமல், கட்டைகளைப் பொருத்துவது போல இணைத்து நிரல் எழுதுவதே இதன் சிறப்பு.

அம்மென்பொருளுடன் ஓர் இணையத்தளமும் தொடங்கப்பட்டது. பாவனையாளர்கள் தாம் ஆக்கிய விளையாட்டுகளையும் கதைகளையும் அங்கே வைப்பர். பிறர் அவற்றை விளையாடுவதுடன் உள்ளே உள்ள நிரலையும் பார்த்துக் கற்கலாம். அதனை மாற்றியமைத்துப் புதிய ஆக்கமாகவும் வெளியிடலாம். இவ்வாறு மாற்றியமைத்தல் ‘ரீமிக்ஸ்’ எனப்படும். தளத்தில் உள்ள ரீமிக்ஸ் பொத்தானைப் பயன்படுத்தினால், மூல ஆக்கமும் அதனை ஆக்கியவரின் பாவனையாளர் பெயரும் தாமாகவே காட்டப்படும்.

தோழன் செய்த பிழை இப்போது புரிகிறதா? அவன் ரீமிக்ஸ் செய்யவில்லை. கோப்பைத் தனியே எடுத்துப் புதிய ஆக்கமாக ஏற்றினான். ஆகவே மூல ஆக்குநரைக் கணினியால் அறிய முடியவில்லை.

4. கோப்பு வகையும் பதிப்பும்

ஒரு கோப்பின் பெயருக்குப் பின் வரும் நீட்சி, அது எவ்வகைக் கோப்பு என்பதைக் காட்டும். ஸ்கிராட்ச் கோப்புகளின் நீட்சிகள் பின்வருமாறு:

• ஸ்கிராட்ச் 1.4 உள்ளிட்ட முதற் பதிப்புகள்: .எஸ்பி
• ஸ்கிராட்ச் 2.0 (2013): .எஸ்பி2
• ஸ்கிராட்ச் 3.0 (2019): .எஸ்பி3

புதிய பதிப்பு பழைய கோப்புகளைத் திறக்கும். பழைய பதிப்பால் புதிய கோப்பைத் திறக்க முடியாது. வீட்டில் 3.0 பதிப்பில் செய்த கோப்பு, பழைய கணினியில் உள்ள 1.4 பதிப்பில் திறக்கவில்லை என்றால் கோப்பு பழுதடைந்துவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். முதலில் பதிப்பைப் பாருங்கள்.

இன்னொரு செய்தி. ‘.எஸ்பி3’ கோப்பு உண்மையில் ஒரு சுருக்கிய ‘ஸிப்’ பொதி ஆகும். அதனுள்ளே நிரலைக் கொண்ட ஒரு கோப்பும், படங்களும், ஒலிகளும் தனித்தனியே உள்ளன. பெரிய படங்களையும் நீண்ட பாடல்களையும் சேர்த்தால் பொதி பெருத்துவிடும். பதிவேற்ற அதிக நேரமும் டேட்டாவும் செலவாகும். பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்திலும் குறைவு என்பதையும் நினைவிற் கொள்க.

5. செய்முறை

(1) உங்கள் கணினியில் கோப்பைச் சேமித்து, ஒரு பிரதியைப் பென் டிரைவிலும் வையுங்கள்.
(2) தளத்தில் உங்கள் சொந்தக் கணக்கினுள் நுழையுங்கள். மின்னஞ்சல் முகவரி உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் பகிர முடியாது.
(3) புதிய ஆக்கம் ஒன்றைத் தொடங்கி, ‘ஃபைல்’ பட்டியில் உங்கள் கணினியிலிருந்து கோப்பை ஏற்றும் கட்டளையைத் தெரிவு செய்யுங்கள்.
(4) தலைப்பு இடுங்கள். ‘களப்பில் இறால் பிடித்தல்’ என்பது நல்ல தலைப்பு. ‘புதியது 2’ என்பது எவருக்கும் பயன்படாது.
(5) விளையாடும் முறையை எழுதுங்கள். குறிப்புகளும் நன்றியும் எழுதும் பெட்டியில், உதவியவர்களையும் பயன்படுத்திய படம், ஒலி ஆகியவற்றின் உரிமையாளர்களையும் குறிப்பிடுங்கள்.
(6) சேமித்துவிட்டு ‘ஷெயார்’ பொத்தானை அழுத்துங்கள்.
(7) கணக்கிலிருந்து வெளியேறி, அதே முகவரியைத் திறந்து பாருங்கள். அந்நியர் ஒருவருக்குத் தெரிவதுதான் இப்போது உங்களுக்கும் தெரியும்.

ஏழாவது படியை மாணவர் பலர் செய்வதில்லை. தம் கணக்கில் இருந்தபடி பார்த்தால் ஆக்குநருக்கு எல்லாம் தெரியும். அதனால்தான் “எனக்குத் திறக்கிறதே, வாப்பாவுக்கு ஏன் திறக்கவில்லை?” என்று அம்மாணவி குழம்பினாள்.

6. பதிப்புரிமையும் உரிமமும்

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்பு வழங்குகின்றது. இப்பாதுகாப்புக்குப் பதிவு செய்தல் அவசியமன்று. ஆக்கம் உருவானவுடன் உரிமையும் உருவாகிவிடும். ஆகவே பத்தாம் வகுப்பு மாணவி ஆக்கிய விளையாட்டுக்கும் உரிமை உண்டு.

உரிமம் என்பது, உரிமையாளர் பிறருக்கு நிபந்தனையுடன் வழங்கும் அனுமதி ஆகும். ஸ்கிராட்ச் தளத்தில் பகிரப்படும் ஆக்கங்கள் ‘கிரியேட்டிவ் கொமன்ஸ்’ உரிமம் ஒன்றின் கீழ் வெளியாகின்றன. கிரியேட்டிவ் கொமன்ஸ் அமைப்பு 2001இல் தொடங்கப்பட்டது. இங்கு பயன்படும் உரிமத்தின் நிபந்தனைகள் இரண்டு:
(அ) மூல ஆக்குநரின் பெயரைக் குறிப்பிட வேண்டும்.
(ஆ) மாற்றியமைத்த ஆக்கத்தையும் அதே வகை உரிமத்தின் கீழே வெளியிட வேண்டும்.

இங்கே ஒரு முக்கிய விடயம் உண்டு. பகிரும்போது, உங்கள் ஆக்கத்தைப் பயன்படுத்தப் பிறருக்கு அனுமதி கொடுக்கின்றீர்கள். உங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றுக்கு நீங்கள் அனுமதி கொடுக்க முடியுமா? முடியாது. அம்மாணவி தன் விளையாட்டில் ஒரு சினிமாப் பாடலைச் சேர்த்திருந்தாள். அதனை நீக்கி, களப்புக் கரையில் தன் தொலைபேசியில் பதிவு செய்த அலையோசையைச் சேர்த்தாள். விளையாட்டு முன்னதிலும் நன்றாக அமைந்தது. கோப்பின் அளவும் குறைந்தது.

7. ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒவ்வொரு விதி

ஓரிடத்தில் அனுமதிக்கப்படுவது மற்றோரிடத்தில் அனுமதிக்கப்படாமல் இருக்கலாம்.

• விக்கிமீடியா பொதுவகம் (2004): படம், ஒலி போன்றவற்றை எவரும் ஏற்றலாம். ஆனால் கட்டற்ற உரிமம் உள்ளவை மட்டுமே ஏற்கப்படும். ‘வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது’ என்ற நிபந்தனை கொண்டவை நீக்கப்படும்.
• நூலகம் திட்டம் (2005): இலங்கைத் தமிழ் நூல்கள், இதழ்கள் முதலியவற்றை மின்வடிவில் பேணும் எண்ணிம நூலகம்.
• வஸல்: பலகை விளையாட்டுகளைக் கணினியில் விளையாட உதவும் திறந்த மூல மென்பொருள். ஒவ்வொரு விளையாட்டுக்குமான ‘மொடியூலை’ ஆர்வலர்கள் ஆக்கிப் பொது நூலகத்தில் சேர்க்கின்றனர். இதன் கோப்பும் ஒரு ‘ஸிப்’ பொதியே. பலகை, காய்கள் ஆகியவற்றின் படங்கள் வெளியீட்டாளருக்குச் சொந்தமாக இருக்கலாம் என்பதால் இங்கும் அனுமதி பற்றிய கேள்வி எழுகின்றது.

எனவே எத்தளமாயினும் ஏற்றுவதற்கு முன் அதன் விதிகளை வாசிக்க வேண்டும்.

8. பாதுகாப்பு

பாவனையாளர் பெயராக உங்கள் முழுப் பெயரை இட வேண்டாம். தொலைபேசி இலக்கம், வீட்டு முகவரி, பாடசாலையின் பெயர், உங்கள் புகைப்படம் ஆகியவற்றை எழுதவோ சேர்க்கவோ வேண்டாம். கடவுச்சொல்லைத் தோழருக்கும் கொடுக்காதீர்கள். பகிர்ந்ததைப் பின்னர் மறைக்கலாம். ஆனால் அதற்கிடையில் வேறொருவர் பதிவிறக்கியிருந்தால் அப்பிரதியைத் திரும்பப் பெற முடியாது.

9. மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: ஒரு விளையாட்டுக் கோப்பின் அளவு 6 மெகாபைற்று. பதிவேற்ற வேகம் ஒரு செக்கனுக்கு 2 மெகாபிற்று. பதிவேற்ற எடுக்கும் நேரம் யாது?
விடை: 1 பைற்று = 8 பிற்று. எனவே 6 × 8 = 48 மெகாபிற்று. 48 ÷ 2 = 24 செக்கன். (பைற்றையும் பிற்றையும் குழப்பி 3 செக்கன் என எழுத வேண்டாம்.)

வினா 2: “இணையத்தில் சேமித்த ஆக்கம் அனைத்தும் எல்லோருக்கும் தெரியும்.” இக்கூற்று சரியா? காரணம் தருக.
விடை: பிழை. சேமித்தல் ஆக்கத்தைச் சேவையகத்தில் வைக்கும். ஆக்குநர் பகிர்ந்தால் மாத்திரமே பிறரால் அதனைப் பார்க்க முடியும்.

வினா 3: நண்பரின் விளையாட்டை மேம்படுத்தி வெளியிட விரும்புகிறீர்கள். பின்பற்ற வேண்டிய சரியான முறை யாது?
விடை: நண்பர் அதனைத் தன் கணக்கில் பகிர வேண்டும். பின்னர் ரீமிக்ஸ் செய்து, தான் மாற்றியவை எவை என்பதைக் குறிப்பில் எழுதி, அதே வகை உரிமத்தின் கீழ் வெளியிட வேண்டும்.

வினா 4: பதிப்புரிமைக்கும் உரிமத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?
விடை: பதிப்புரிமை ஆக்குநருக்குச் சட்டம் வழங்கும் உரிமை. உரிமம் அவர் பிறருக்கு நிபந்தனையுடன் வழங்கும் அனுமதி.

முடிவாக,

மூன்றாம் வினாவின் விடையைத்தான் அவ்விருவரும் செய்தனர். தோழன் தன் கணக்கில் இருந்ததை மறைத்தான். மாணவி தன் கணக்கிலிருந்து பகிர்ந்தாள். பின்னர் அவன் அதனை ரீமிக்ஸ் செய்து, காற்றுக்கேற்ப தோணியின் வேகம் மாறும்படி அமைத்தான். இப்போது இரண்டு விளையாட்டுகள் உள்ளன. இரண்டிலும் உரியவர் பெயர் உள்ளது. அன்றிரவே வாப்பா கட்டாரிலிருந்து விளையாடி 85 புள்ளிகள் எடுத்தாராம்.

மாணவர்களே, பரீட்சைக்காக வரைவிலக்கணங்களை மனனம் செய்யுங்கள். ஆனால் பதிவேற்றும் பொத்தானை அழுத்துமுன் மூன்று கேள்விகளை உங்களிடமே கேளுங்கள். இது என்னுடையதா? உரியவர் பெயரை எழுதினேனா? அந்நியர் ஒருவருக்கு இது எவ்வாறு தெரியும்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தவர் பரீட்சை மண்டபத்திலும் குழம்பமாட்டார்.