யூரியா மூட்டையும் நாட்டுக் கஜானாவும்

 

நாட்டின் செல்வம் எது என்று கேட்டால் தங்கம், பெட்ரோல், தொழிற்சாலை என்போம். காலுக்குக் கீழே கிடக்கும் மண்ணை யாரும் சொல்ல மாட்டோம்.

பயிருக்கு முக்கியமாக மூன்று சத்துகள் வேண்டும். இலை வளரத் தழைச்சத்து, வேர் பிடிக்க மணிச்சத்து, நோயைத் தாங்கச் சாம்பல்சத்து. ஒரு டன் நெல் விளைய சுமார் 15 முதல் 20 கிலோ தழைச்சத்து தேவை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் மண் ஏழையாகிவிடும். ஆகவே உரம் போடுவது தப்பில்லை. ஒரே உரத்தை அள்ளிப் போடுவதுதான் தப்பு.

எங்க ஊர்ல "யூரியா போட்டாத்தான் பயிர் கருகருன்னு நிக்கும்" என்பார்கள். விலையும் குறைவு. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுதான். ஒரு மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20 கிலோ 700 கிராம் தழைச்சத்து இருக்கிறது. நெல் வயலில் பெரும்பாலும் இதில் பாதிகூடப் பயிருக்குச் சேராது. மீதி ஆவியாகப் போகும், அல்லது நைட்ரேட்டாக மாறிக் கிணற்று நீரில் இறங்கும். அளவு மிஞ்சினால் பயிர் சாயும், புகையான் பூச்சியும் பெருகும். பிறகு மருந்துச் செலவு வேறு!

இதில் நாட்டுக்கு என்ன நஷ்டம்? யூரியாவின் உண்மை விலை பல மடங்கு. மீதியை அரசு மானியமாகத் தருகிறது. 2022-23இல் உர மானியம் மட்டும் 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. பொட்டாஷ் உரம் கிட்டத்தட்ட முழுவதும் கனடா, ரஷ்யா போன்ற வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. வயலில் வீணாவது நம் எல்லோருடைய வரிப்பணம்.

அதற்காக உரத்தைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. இலங்கையில் 2021இல் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நெல் விளைச்சல் குறைந்து, அரிசியை வெளியே வாங்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் தடையை நீக்கினார்கள்.

அப்போ நாம என்ன செய்யலாம்?

1. அறுவடை முடிந்ததும் வயலில் 10 இடங்களில் 'V' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி மண் எடுங்கள். கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோவை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுங்கள்.

2. அட்டையில் வரும் அளவுப்படி உரம் இடச் சொல்லுங்கள்.

3. நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். நெல்லுக்குப் பின் உளுந்து போடலாம். அதன் வேர் முடிச்சில் உள்ள ரைசோபியம் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தரும். அதற்கு மானியமே வேண்டாம்!

அப்பா அம்மாவிடம் இன்றே சொல்லுங்கள். மண் நமக்குப் பின் வருபவர்களுக்கும் சோறு போட வேண்டும்.

மண்வளம் காப்போம்! நாட்டு வளம் பெருக்குவோம்!

— 9ஆம் வகுப்பு மாணவி