ரே டிரேசிங்: வேகத்துக்கு ஒரு விலை

கடலூர், சிதம்பரம் பகுதியில் அனிமேஷன் படிக்கும் பிள்ளை 'ரே டிரேசிங்' கணினி கேட்டால், அது என்னவென்று முதலில் நாம் அறிவோம்.

பொருளில் பட்ட ஒளியே கண்ணை அடைகிறது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விளக்கியவர் இப்னுல் ஹைதம். ரே டிரேசிங் அப்பாதையைத் தலைகீழாகத் தேடுகிறது: திரையின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் கதிரை அனுப்பி, அது எதில் படுகிறது, அங்கே வெளிச்சமா நிழலா என்று கணக்கிடுகிறது.

முழு எச்.டி. திரையில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 படங்கள் ஓடும் விளையாட்டில், புள்ளிக்கு ஒரு கதிர் என்றாலே 12 கோடியைத் தாண்டும். விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு இந்த வேகத்துக்காகவே.

பயில்பவருக்கு அவ்வேகம் வேண்டியதில்லை. இலவச மென்பொருள் பிளெண்டர், அந்தக் கார்டு இல்லாமலும் படத்தை மெதுவாக உருவாக்கும். நேரம்தான் கூடும், தரம் குறையாது. கடன் வாங்குமுன் இதைப் பிள்ளைகளோடு பேசுவோம்.