ஆடிட்டர் ஆபீஸ் இன்டர்ன்ஷிப்: ஒரே ஒரு பில்லை கடைசி வரைக்கும் பின்தொடருங்க



பி.காம், பிபிஏ, எம்பிஏ படிக்கிறவங்க லீவுல ரெண்டு மாசம் ஆடிட்டர் ஆபீஸ்ல இன்டர்ன்ஷிப் போறது இப்போ சகஜம். ஆனா நிறைய பேர் அந்த ரெண்டு மாசமும் டேலியில என்ட்ரி மட்டும் போட்டுட்டு, ஒரு சர்டிபிகேட்டோட வெளிய வந்துடறாங்க. வேலைக்கான இன்டர்வியூல "அங்க என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டா, "ஜிஎஸ்டி, டிடிஎஸ் எல்லாம் பார்த்தேன் சார்"னு ஒரே வரியில பதில் முடிஞ்சிடுது.

ஆள் எடுக்கும்போது நான் அடுத்து கேக்கிற கேள்வி இதுதான்: "ஒரு பில் ஆபீஸுக்கு வந்ததுல இருந்து கடைசி வரைக்கும் அதுக்கு என்னென்ன நடக்கும்?" இதுக்கு பதில் சொல்லத் தெரிஞ்சவங்களை எந்த ஆபீஸும் விடாது. வீட்ல படிக்கிற தம்பி, தங்கை இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க. நீங்களே அக்கவுண்ட்ஸ் டீம்ல புதுசா சேர்ந்திருந்தாலும் இது உதவும்.

ஒரு பில்லோட கதை

ஒரு கம்பெனிக்கு ஜூன் 10-ம் தேதி ஒரு கன்சல்டன்ட் பில் கொடுக்கிறார். கட்டணம் 1,00,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் 18,000. மொத்தம் 1,18,000.

இந்த தொழில்முறை கட்டணத்துக்கு டிடிஎஸ் 10 சதவீதம். எந்தத் தொகைக்கு? பில்லுல ஜிஎஸ்டி தனியா காட்டியிருந்தா, அதை விட்டுட்டு 1,00,000-க்கு மட்டும்தான். ஆக 10,000 பிடிச்சுட்டு, கன்சல்டன்ட்டுக்கு 1,08,000 போகும். மொத்தத் தொகைக்கு கணக்கு போட்டு 11,800 பிடிச்சா, அவருக்கு 1,800 குறையும். உடனே போன் வரும்!

பிடிச்ச 10,000-ஐ ஜூலை 7-க்குள்ள அரசாங்கத்துக்கு கட்டணும். 8-ம் தேதி கட்டினா? ஒரு நாள்தானேன்னு நினைப்போம். ஆனா வட்டி மாசத்துக்கு 1.5 சதவீதம், மாசத்தோட ஒரு பகுதியும் முழு மாசமாத்தான் கணக்கு. நடைமுறையில ஜூன், ஜூலை ரெண்டுக்கும் சேர்த்து 300 ரூபாய் போகும்.

இப்போ அந்த 18,000-க்கு வருவோம். கன்சல்டன்ட் மாசாமாசம் ரிட்டர்ன் போடுறவர்னு வெச்சுக்குங்க. அவர் ஜூலை 11-க்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 போட்டாத்தான், 14-ம் தேதி உருவாகிற நம்ம ஜிஎஸ்டிஆர்-2பி-யில இந்த பில் தெரியும். தெரிஞ்சாத்தான் 20-ம் தேதிக்குள்ள போடுற 3பி-யில இன்புட் கிரெடிட் எடுக்க முடியும். அவர் போடலைன்னா, நம்ம கம்பெனி அந்த மாசம் 18,000-ஐ கையிலிருந்து கட்ட வேண்டி வரலாம். கிரெடிட் எடுத்த பிறகும், பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள்ள அவருக்கு பணம் கொடுக்கலைன்னா அதை திருப்பிக் கட்டணும்.

பாருங்க, ஒரே பில்லுல ஜர்னல் என்ட்ரி, டிடிஎஸ், ஜிஎஸ்டி, கேஷ் ஃப்ளோ நாலும் வந்துடுச்சு. புத்தகத்துல இதெல்லாம் தனித்தனி பாடமா இருக்கு. இது ஒண்ணா சேர்றதை கண்ணால பார்க்கத்தான் இன்டர்ன்ஷிப்.

தினமும் செய்ய வேண்டியது

1. வாரத்துக்கு ஒரு பில்லை எடுத்து இப்படி கடைசி வரைக்கும் தேடிப் பாருங்க. வாடகை, சம்பளம், சரக்கு வாங்கினதுன்னு ஒவ்வொரு வாரமும் மாத்துங்க.

2. சந்தேகங்களை எழுதி வெச்சு, சாயங்காலம் சீனியர்கிட்ட மொத்தமா கேளுங்க. 20-ம் தேதி மத்தியானம் போய் கேட்டா யாருக்கும் பொறுமை இருக்காது!

3. பேங்க் ரீகன்சிலியேஷன் கொடுத்தா சலிச்சுக்காதீங்க. வித்தியாசம் 9-ஆல வகுபட்டா, இலக்கம் இடம் மாறியிருக்கான்னு முதல்ல பாருங்க. 5,400-ஐ 4,500-ன்னு போட்டா வித்தியாசம் 900. இந்த மாதிரி கண்டுபிடிக்கிற பழக்கம்தான் ஆடிட்டோட அடிப்படை.

4. கிளையன்ட்டோட கணக்கு, பாஸ்வேர்டு, ஸ்கிரீன்ஷாட் எதுவும் உங்க போனுக்கு வரக்கூடாது. ரெஸ்யூமேயில கிளையன்ட் பேர் வேண்டாம், செஞ்ச வேலையை எழுதினா போதும்.

ஸ்டைபெண்டையும் கவனிங்க

சேர்ற அன்னைக்கே பான் நம்பரை கொடுத்துடுங்க. பான் இல்லாம டிடிஎஸ் பிடிச்சா விகிதம் 20 சதவீதம் வரைக்கும் போகும். ஸ்டைபெண்ட்ல டிடிஎஸ் பிடிச்சிருந்தா, வருமான வரி போர்ட்டல்ல உங்க பான்ல அது ஏறியிருக்கான்னு பாருங்க. வருஷ வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தா, ரிட்டர்ன் தாக்கல் பண்ணி முழுத் தொகையையும் ரீஃபண்டா வாங்கலாம். முதல் ரிட்டர்னை நீங்களே போடுங்க, அதுவும் ஒரு பயிற்சிதான்.

ரெண்டு மாசம் முடியும்போது எட்டு பில்லோட கதை உங்க நோட்டுல இருக்கும். இன்டர்வியூல அதுல ஒண்ணை பேப்பர்ல போட்டுக் காட்டுங்க. சர்டிபிகேட்டை விட அது சத்தமா பேசும்.

இதே பில்லை டேலியில எப்படி என்ட்ரி போடறதுன்னு நம்ம சேனல் வீடியோவுல பார்ப்போம்.