சக்கரவாளக் கோட்டமும் விக்டோரியா காலப் பொதுக் கல்லறைத் தோட்டமும்: அமைப்பும் பாகுபாடும்

முன்னுரை

சாவு அனைவர்க்கும் பொதுவாயினும் இறந்தோர்க்கு ஒதுக்கப்படும் நிலம் பொதுவாக அமைவதில்லை. 19ஆம் நூற்றாண்டு இலண்டனில் உருவான பொதுக் கல்லறைத் தோட்டங்களை மணிமேகலை காட்டும் சக்கரவாளக் கோட்டத்தோடு ஒப்பிட்டு, கட்டட அமைப்பில் பாகுபாடு இடம்பெறும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

இலண்டன் கல்லறைத் தோட்டங்கள்

மக்கள்தொகைப் பெருக்கத்தால் இலண்டனின் தேவாலய முற்றங்கள் பிணங்களால் நிரம்பின. அதனால் 1833 முதல் 1841 வரை நகரின் புறத்தே ஏழு பெருந்தோட்டங்களைத் தனியார் நிறுவனங்கள் அமைத்தன. இவற்றுள் முதலாவதான கென்சல் கிரீனில் ஆங்கிலிக்கன் திருச்சபையினர்க்குத் திருநிலைப்படுத்தப்பட்ட பெரும்பகுதியும், அச்சபை சாராதோர்க்குக் கிழக்கு ஓரத்தில் தனிப்பகுதியும் வகுக்கப்பட்டன. இரு சாரார்க்கும் தனித்தனிச் சிற்றாலயங்கள் எழுந்தன. 1850களின் புதைநிலச் சட்டங்கள் இப்பணியைப் பொது வாரியங்களிடம் ஒப்படைத்தபோதும் இப்பிரிவினை நீங்கவில்லை. இங்கிலாந்து ஊர்கள் பலவற்றில் இரட்டைச் சிற்றாலயங்களே வழக்காயின.

தோட்டக்கலை அறிஞர் ஜான் கிளாடியஸ் லௌடன் 1843இல் வெளியிட்ட நூல், நேர்கோட்டுப் பாதைகள், நீர் வடியும் நிலம், காற்றோட்டத்தைத் தடுக்காத பசுமை மாறா மரங்கள் ஆகியவற்றை வலியுறுத்தியது. அவ்வாண்டிலேயே மறைந்த அவர் கென்சல் கிரீனிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

சக்கரவாளக் கோட்டம்

மணிமேகலையின் ஆறாம் காதை, புகாரின் ஈமப்புறங்காட்டைத் திட்டமிட்ட வளாகமாகவே காட்டுகிறது. காவல் மதிலும் நான்கு வாயில்களும் அதற்கு உண்டு. ஒரு வாயிலில் நெல், கரும்பு, நீர்நிலை, பொழில் ஆகியவை தீட்டப்பட்டுள்ளன. மற்றொன்று ஓவியமற்ற வெண்சுதை வாயில். வன்னி முதலிய மரங்கள் நிற்கும் மன்றங்களும் உள்ளே அமைந்துள்ளன. சுடுதல், வாளா இடுதல், குழியிற் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியாற் கவித்தல் என்னும் ஐவகை முறைகளுக்கும் அங்கு இடமுண்டு.

முதியோர், இளையோர் எனக் கூற்றுவன் வேறுபாடு பாராமையை அக்காதை கூறுகிறது. ஆயினும் அங்குள்ள சுடுமண் கோட்டங்கள் நால்வகை வருண வேறுபாட்டைக் காட்டும் வகையில் குறியனவும் நெடியனவுமாக நிற்கின்றன. ஈம முறைகளின் பன்மைக்கு இடந்தரும் வளாகம், நினைவுச் சின்னங்களின் உயரத்தில் சமூகப் படிநிலையைப் பதிவு செய்கிறது. கென்சல் கிரீனில் நிலப்பிரிவு செய்த பணியைப் புகாரில் செங்கல்லின் உயரம் செய்கிறது.

கோடில்லாத் தோட்டம்

இப்பாகுபாடு தவிர்க்கவியலாததா என்னும் வினாவிற்கு 1840இல் திறக்கப்பட்ட ஆப்னி பார்க் விடை தருகிறது. அங்கு நிலம் திருநிலைப்படுத்தப்படவில்லை, பிரிவுக்கோடும் இடப்படவில்லை. வில்லியம் ஹாஸ்கிங் வடிவமைத்த ஒரே சிற்றாலயம் அனைத்துச் சபையினர்க்கும் பொதுவாயிற்று. வளாகத்தைச் சுற்றி அகரவரிசையில் நடப்பெற்ற மரங்களும் செடிகளும் அதனைத் தாவரவியல் கல்விக்கூடமாகவும் ஆக்கின. கென்சல் கிரீனுக்கு ஏழாண்டுகளே பிந்திய அதே நகரத்துத் தோட்டம் இது. எனவே, பிரிவுக்கோடு காலத்தின் கட்டாயம் அன்று. அமைப்போர் மேற்கொண்ட முடிவே எனலாம்.

முடிவுரை

திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சாதியின் பெயரால் எழுந்த சுவர், இவ்வாய்வு பழங்கதை பற்றியதன்று என்பதை உணர்த்தும். ஒரு புதைநிலத்தின் மதில், வாயில், பாதை, நினைவுச் சின்னத்தின் உயரம் ஆகியன வாழ்வோரின் உறவுகளைக் காட்டும் ஆவணங்கள். தமிழக ஊர்களின் இடுகாடு, சுடுகாடு ஆகியவற்றின் நில அமைப்பையும் இந்நோக்கில் ஆராய்தல் வேண்டும். கல்வெட்டு வாசகங்களோடு அக்கல் நிற்கும் இடத்தையும் வாசிக்கும்போதே இறந்தோர் வரலாறு முழுமை பெறும்.