பொருளாதாரம் படிக்க எவ்வளவு கணக்கு வேண்டும்?

பி.ஏ. பொருளாதாரத்தில் சேரும் பலர், இனி கணக்குத் தொல்லை இல்லை என்ற நிம்மதியோடுதான் முதலாண்டு வகுப்பில் உட்காருகிறார்கள். மேற்படிப்பையோ வேலையையோ நினைக்கும்போதே அந்த நிம்மதி கலைந்துவிடுகிறது. ஐஐடி ஜாம் தேர்வின் பொருளாதாரத் தாளில் கணிதமும் புள்ளியியலும் உண்டு. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் முதுகலை நுழைவுத் தேர்வும் கணக்கைச் சோதிக்கிறது. யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வின் பாடத்திட்டத்தில் வகையிடல், அணிகள், பொருளாதார அளவையியல் எல்லாம் இருக்கின்றன. ஆகவே முதலாண்டிலேயே தொடங்குங்கள்.

எங்கே தொடங்குவது?

பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினோராம் வகுப்பு வணிகக் கணித நூலே போதுமான வாசல். இறுதிநிலைச் செலவு, தேவை நெகிழ்ச்சி, பகுதி வகையிடல், லியான்டீஃபின் உள்ளீடு–வெளியீடு பகுப்பாய்வு வரை தமிழிலேயே படிக்கலாம். அது கைவந்தபின் சிட்சேட்டர்–ஹாமண்ட் எழுதிய ஆங்கில நூலுக்கோ, 1967இல் முதலில் வெளிவந்த ஆல்ஃபா சியாங்கின் நூலுக்கோ போங்கள்.

எந்த வரிசையில் படிப்பது?

1. ஒரு மாறி வகையிடல். ‘இறுதிநிலை’ என்று தொடங்கும் கருத்துகள் பெரும்பாலும் இதில்தான் நிற்கின்றன.
2. பகுதி வகையிடலும் லாக்ராஞ்ச் முறையும். நுண்ணியல் பொருளாதாரத்தின் உயிர்நாடி இது.
3. அணிகள். பல சந்தைகளின் சமநிலையை ஒருசேரக் காணவும், பிறகு பொருளாதார அளவையியலுக்கும் உதவும்.
4. நிகழ்தகவும் புள்ளியியலும். தரவு சார்ந்த எந்த வேலைக்கும் இவை இல்லாமல் முடியாது.

தொகையிடலை, நுகர்வோர் உபரி கணக்கிடும் அளவுக்குத் தெரிந்துகொண்டால் முதலில் போதும்.

விடையோடு நிறுத்தாதீர்கள்

ஒரு விடுதி மெஸ்ஸுக்குக் காய்கறி வாங்க 400 ரூபாய் இருக்கிறது. தக்காளி கிலோ 20 ரூபாய், வெங்காயம் கிலோ 40. இரண்டின் அளவையும் பெருக்கினால் வருவதே பயன்பாடு என்று வைத்துக்கொள்வோம். லாக்ராஞ்ச் முறையில் போட்டால் 10 கிலோ தக்காளி, 5 கிலோ வெங்காயம், பயன்பாடு 50 என்று வரும். லாக்ராஞ்ச் பெருக்கியின் மதிப்பு 0.25.

பலர் இங்கேயே கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள். பொருளாதாரம் தொடங்குவதே அந்த 0.25இல்தான். கையில் இன்னும் ஒரு ரூபாய் கூடினால் பயன்பாடு ஏறத்தாழ 0.25 கூடும் என்கிறது அது. சரிபாருங்கள்: 401 ரூபாய்க்குப் பயன்பாடு 50.25. இதே பெருக்கி ஒரு தொழிற்சாலையின் கணக்கில் வந்தால், கூடுதல் மூலப்பொருள் ஓர் அலகுக்கு எவ்வளவு வரை விலை கொடுக்கலாம் என்று சொல்லும். நேர்காணலில் கேட்கப்படுவதும் வேலையில் தேவைப்படுவதும் இந்த விளக்கம்தான். ஒவ்வொரு கணக்கின் அடியிலும் ‘இதற்கு என்ன பொருள்?’ என்று ஒரு வரி எழுதும் பழக்கத்தை விடாதீர்கள்.

அடுத்துச் செய்ய வேண்டியது

தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தீர்த்த கணக்கைப் படித்தால் புரிந்ததுபோல் இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டுப் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். படித்த புள்ளியியலை எக்செல்லிலோ ஆர் மென்பொருளிலோ உண்மையான தரவில் செய்து பாருங்கள். இரண்டாமாண்டு முடிவதற்குள் ஜாம் பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதுங்கள். எந்தப் பகுதியில் இடறுகிறதோ, அந்தக் கோடை விடுமுறை அதற்குத்தான்.