கோழிக்குப் புழுவா? சோதித்து அறிவோம்

இடம்பெயர்ந்த குடும்பத்திற்குச் சிலவேளை மிஞ்சியிருப்பது நாலைந்து கோழிகளே. அவை மெலிந்து, கொண்டை வெளிறி, முட்டை குறைந்தால் உடனே பூச்சி மருந்து வாங்குகிறோம். ஆனால் தீன் குறைந்தாலும் வேறு நோய் வந்தாலும் கோழி இப்படியே மெலியும். ஆகவே மருந்துக்கு முன் மூன்று சோதனைகளைச் செய்வோம்.

1. எச்சம்: காலையில் கூட்டுத் தரையைப் பாருங்கள். அரிசிமணி போன்ற வெண்துண்டுகள் நாடாப்புழுவின் அடையாளம். இரத்தம் கலந்திருந்தால் கொக்சிடியா என்னும் நுண்ணுயிரைச் சந்தேகியுங்கள். அதற்குப் பூச்சி மருந்து பயன்படாது.

2. குடல்: கறிக்கு அறுத்த கோழியின் குடலை நீளவாட்டில் வெட்டித் தண்ணீரில் விரியுங்கள். சிறுகுடலில் 5 முதல் 11 சென்ரிமீற்றர் நீளமாக, உருண்டு வெண்மையாக இருப்பது உருளைப்புழு. தட்டையாக, கணுக்கணுவாக இருப்பது நாடாப்புழு. கோழிகள் பல திடீரென இறந்தால் வெட்ட வேண்டாம். மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.

3. ஆய்வு: பல கோழிகளின் புதிய எச்சத்தைச் சுத்தமான பையில் இட்டு, அன்றே மிருக வைத்தியரிடம் கொடுங்கள். உப்புக் கரைசலில் மிதக்கும் புழுமுட்டைகள் நுணுக்குக்காட்டியில் தெரியும். கெலிஓயாவுக்கு அண்மையில், கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமும் உண்டு. உருளைப்புழு வளர்ந்து முட்டையிட 5 முதல் 8 வாரம் செல்லும். ஆதலால் குஞ்சின் எச்சத்தில் முட்டை இல்லை என்பதால் புழு இல்லை என்று கொள்ளாதீர்கள்.

புழுவின் இனம் தெரிவது ஏன் அவசியம்? உருளைப்புழுவைப் போக்கும் பைப்பரசின் நாடாப்புழுவைப் போக்காது. நாடாப்புழு எறும்பு, வண்டு ஆகியவற்றைத் தின்பதால் வருகிறது. உருளைப்புழுவின் முட்டையோ ஈரமண்ணில் நெடுநாள் உயிரோடிருக்கும். கூட்டை உலர்வாக வைப்போம். அயலவர் கோழிகளும் அதே மண்ணைத்தான் கிளறுகின்றன. எனவே எல்லா வீட்டாரும் சேர்ந்தே சோதிப்போம்.