தங்கச்சி, குற்றாலத்துல தனியா ஒரு ராத்திரி தங்கப் போறியா?

யார் துணையும் இல்லாம வெளியூர்ல ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்க. அதுக்கு நீ குற்றாலத்தைத் தேர்ந்தெடுத்ததுல, தென்காசியில குடியிருக்கிற எனக்கு ரொம்ப சந்தோஷம். தாராளமா போ. ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோ: ராத்திரி பயம் வராம இருக்க வேண்டிய வேலையை எல்லாம் பகல்லயே முடிச்சிடணும்.

கல்யாணத்துக்கு முந்தி ஓர் ஆடி மாசம் நானும் அங்க தனியா தங்கினேன். நடுராத்திரியில கதவு 'டக் டக்'னு சத்தம் போட்டுச்சு. யாரோ தட்டுறாங்கனு விடிய விடிய லைட்டை அணைக்காம உட்கார்ந்திருந்தேன். விடிஞ்சு பார்த்தா, தாழ்ப்பாள் அதோட ஓட்டைக்குள்ள லூசா இருக்கு. காத்து தள்ளும்போதெல்லாம் கதவு ஆடியிருக்கு, அவ்வளவுதான். சாயங்காலமே அதைக் கவனிச்சிருந்தா நல்லா தூங்கியிருப்பேன்.

ரூமைப் பேசி வை

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் சீசன். சனி, ஞாயிறு ரூம் கிடைக்கிறதே கஷ்டம். வார நாள்ல போ. தனி ஆளுக்கு ரூம் கொடுக்க யோசிக்கிற லாட்ஜும் உண்டு. அதனால போன்லயே "ஒரே ஆள், பொண்ணு"ன்னு சொல்லி உறுதி பண்ணிக்கோ. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோட ஓட்டலும் அங்க இருக்கு, விசாரிச்சுப் பாரு. ஒரிஜினல் ஆதாரை மறந்துடாதே.

வெளிச்சத்துல வந்து சேரு

சென்னையில ராத்திரி பொதிகை ரயில் ஏறினா காலையில தென்காசி. அங்க இருந்து குற்றாலம் அஞ்சு கிலோமீட்டர்தான், பஸ் அடிக்கடி உண்டு. ஆட்டோவுல போறதா இருந்தா வாடகையை முதல்லயே பேசிடு. வண்டி நம்பரை எனக்கு அனுப்பிட்டு ஏறு.

கதவைப் பார்த்துட்டுப் பணம் கொடு

சாரல் ஈரத்துல மரக்கதவு ஊதிப் போயிருக்கும். தாழ்ப்பாள் சரியா விழாது. உள்ள போய் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, கைப்பிடியைப் பிடிச்சு நல்லா இழுத்துப் பாரு. விழலைன்னா வேற ரூம் கேளு, கூச்சப்படாதே. தாழ்ப்பாள் விழுந்தும் கதவு ஆடுச்சுன்னா, பேப்பரை நாலா மடிச்சு கதவுக்கும் நிலைக்கும் நடுவுல சொருகு. சத்தம் நின்னுடும். ஜன்னல் கொக்கி, பாத்ரூம் வென்டிலேட்டர், ஹீட்டர் சுவிட்ச் எல்லாத்தையும் அப்பவே பார்த்துடு. ஹீட்டரை அணைச்ச பிறகுதான் குளிக்கணும்.

சத்தங்களைத் தெரிஞ்சு வை

ஆரியங்காவு கணவாய் வழியா வர்ற காத்து ராத்திரியெல்லாம் அடிக்கும். தகரக் கூரை படபடக்கும், தென்னை மட்டை விழும். மலையில மழை பெஞ்சா அருவி இரைச்சல் திடீர்னு கூடும். சாயங்காலம் பத்து நிமிஷம் ரூம்ல சும்மா உட்கார்ந்து, எந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு கேட்டு வை. எதோட சத்தம்னு தெரிஞ்சிட்டா அது உன்னை எழுப்பாது.

குரங்கும் ஈரமும்

ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு வெளிய போகாதே; பழமோ பிஸ்கட்டோ கண்ணுல பட்டா குரங்கு உள்ள வந்துடும். ஈரத்துணியை ஃபேனுக்குக் கீழ காயப் போடு, பால்கனியில வேண்டாம். காலையில செருப்பை உதறிட்டுப் போடு, பூரான் இருக்கலாம். சொந்தப் போர்வை, டார்ச், சார்ஜ் ஏத்தின பவர் பேங்க் மூணும் கட்டாயம்.

அருவியில கவனம்

பேரருவியில பெண்களுக்குத் தனி இடம் இருக்கு. நகையை எல்லாம் வீட்டுலயே வெச்சுட்டு வா. தண்ணி கலங்கி வந்தாலோ, பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தாலோ யாரும் சொல்றதுக்கு முன்னாடியே வெளிய வந்துடு. 2024 மே 17 அன்னைக்குப் பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் செத்துப் போனான். கீழ வெயில் அடிச்சாலும் மேல மலையில மழை கொட்டலாம். குளிக்கத் தடைன்னா தடைதான், போலீஸ்கிட்ட கெஞ்சாதே.

இருட்டின பிறகு

பிரானூர் பார்டர் பரோட்டா சாப்பிட ஆசைன்னா மத்தியானமே போய் வந்துடு. ராத்திரி லாட்ஜுக்குப் பக்கத்துலயே இட்லி சாப்பிட்டு, எட்டு மணிக்குள்ள ரூமுக்கு வந்துடு. பேச்சுக் கொடுக்கிறவங்ககிட்ட தனியா வந்திருக்கேன்னு சொல்லாதே. "அக்கா தென்காசியில இருக்கா"ன்னு சொல்லு, அது உண்மைதானே! யாராவது தட்டினா கதவைத் திறக்காம உள்ள இருந்தே கேளு. சந்தேகமா இருந்தா ரிசப்ஷனுக்குப் போன் போடு. அவசரம்னா 112, பெண்கள் உதவிக்கு 181.

தாழ்ப்பாள் போட்டதும் எனக்கு ஒரு போன் பண்ணு. நடுராத்திரி மனசு கேக்கலைன்னா அப்பவும் பண்ணு, தயங்காதே. அஞ்சு கிலோமீட்டர்தான், மாமாவும் நானும் வண்டி எடுத்துட்டு வந்துடுவோம். ஆனா அப்படி ஒரு போன் வராதுன்னுதான் எனக்குத் தோணுது. காலையில எழுந்ததும் "நல்லா தூங்கினேன் அக்கா"ன்னு சொல்லு, அது போதும் எனக்கு.